ஒரு லீட்டர் பெற்றோலில் எத்தனை பேர் போகிறோம்?

இலங்கையில் பெற்றோல், டீசல் வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் போகிற எல்லாரும் அதற்கு முன் புகைப் பரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும். 2008இல் தொடங்கிய நடைமுறை இது. எக்ஸோஸ்ட் குழாய்க்குள் ஒரு குழாயை விட்டு, எஞ்சினை உறுமவிட்டு, கொஞ்ச நேரத்தில் ஒரு தாளைக் கையில் தருவார்கள். பெற்றோல் வாகனமென்றால் காபனோரொட்சைட்டும், எரியாமல் தப்பி வருகிற ஐதரோகாபனும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். டீசலென்றால் புகை எவ்வளவு கறுப்பு என்று பார்ப்பார்கள். பாஸ் ஆனவுடனே ‘நம்முடைய வாகனத்தால் சுற்றாடலுக்குக் கேடில்லை’ என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் பூமியைச் சூடாக்குகிற காபனீரொட்சைட்டுக்கு அந்தப் பரிசோதனையில் வரம்பே கிடையாது. வைத்தாலும் அர்த்தம் இருக்காது, ஏனென்றால் எரிபொருளை நன்றாக எரிக்கிற எஞ்சின்தான் அதிலுள்ள காபனை முழுசாகக் காபனீரொட்சைட்டாக மாற்றிவிடும். டியூன் பண்ணிய, புகையே தள்ளாத, புத்தம் புது வாகனமும் குடிக்கிற ஒவ்வொரு லீட்டருக்கும் கணக்குத் தவறாமல் அதை வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

அந்தக் கணக்கு என்ன? ஒரு லீட்டர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட்டு. டீசலென்றால் 2.7 கிலோ அளவில். முதல்முறை கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், ஒரு லீட்டர் பெற்றோலின் நிறையே முக்கால் கிலோதானே, அதிலிருந்து எப்படி இரண்டேகால் கிலோ வரும் என்பார்கள். நியாயமான கேள்வி. பெற்றோலின் நிறையில் 85 சதவீதத்துக்கு மேல் காபன். எரியும்போது ஒவ்வொரு காபன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஒட்சிசன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. காபனின் அணுநிறை 12, இரண்டு ஒட்சிசனுக்கு 32, ஆக 12 கிலோ காபன் 44 கிலோ வாயுவாகிறது. கூடுதல் நிறை முழுவதும் நாம் சுவாசிக்கிற காற்றிலிருந்து எடுத்தது. ஓ.எல். இரசாயனம் படித்த எவரும் கடதாசியில் போட்டுப் பார்க்கலாம்.

இது வாகனத்துக்குள் எரிவது மட்டும். அதற்கு முன்னால் மசகெண்ணெயைத் தோண்டி எடுத்து, கப்பலில் ஏற்றி, சுத்திகரித்து, பவுசரில் வெள்ளவத்தைப் பெற்றோல் செட் வரைக்கும் கொண்டுவருவதற்கும் எண்ணெய் எரிகிறது. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் 1969இல் தொடங்கியது, நாட்டுக்கு வேண்டியதில் ஒரு பகுதியைத்தான் அதனால் தர முடியும், மீதி ஏற்கெனவே சுத்திகரித்ததாகக் கப்பலில் வருகிறது. இந்தச் செலவையெல்லாம் சேர்த்தால் மேலே சொன்ன கணக்கோடு இன்னும் ஐந்திலொரு பங்கு அளவில் கூடும். பேச்சுக்கு வசதியாக நான் 2.3ஐயே வைத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: ‘உலகத்தின் காபனில் இலங்கையின் பங்கு எவ்வளவு, 0.1 சதவீதம்கூட வராதே, அமெரிக்காக்காரனிடம் போய்ச் சொல்லுங்கள்.’ உண்மைதான். ஒரு இலங்கையர் வருடத்துக்குச் சராசரியாக ஒரு தொன் அளவில் காபனீரொட்சைட்டுக்குப் பொறுப்பு, உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல். ஆனால் சராசரி என்பது நிறைய விஷயங்களை மறைக்கும். தினமும் ஐந்து லீட்டர் அடித்து, வருடத்தில் முந்நூறு நாள் தனியாகக் காரோட்டுகிற ஒரு கொழும்புவாசியை எடுத்துக்கொள்ளுங்கள், 1500 லீட்டர், கிட்டத்தட்ட மூன்றரைத் தொன். வீட்டு ஏசி, கேஸ், விமானப் பயணம் எதையும் சேர்க்கவில்லை. ஹட்டனில் மலையேறி இறங்கி நடந்தே வேலைக்குப் போகிற ஒரு தோட்டத் தொழிலாளியையும் இவரையும் ஒரே கூடையில் போட்டுத்தான் அந்த ஒரு தொன் வருகிறது. அந்தத் தோட்டத்து லயத்தின் மேல் மண்சரிவு வருகிறபோது ‘நாங்கள் ஏழை நாடு, எங்கள் பங்கு சிறிது’ என்று இந்தக் கொழும்புவாசி சொல்வது எனக்குக் கொஞ்சம் கூசுகிறது. தவிர, காபனை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் எண்ணெய்க்கு டொலர் வேண்டும். 2022இல், வரிசையில் நின்றே வருடத்தின் பாதி போன அந்த வருடத்திலும், எரிபொருள் இறக்குமதிக்கு 400 கோடி டொலருக்கு மேல் போயிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில் காபனைப் பற்றிக் கதைக்கும்போது எல்லாரும் வாகனத்தைப் பார்க்கிறார்கள், என்ன மொடல், ஹைபிரிட்டா, எத்தனை சிசி என்று. பார்க்க வேண்டியது லீட்டரை, அதையும் அதில் போகிற ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலையில் போவதை வைத்துப் பார்ப்போம். எட்டு கிலோமீற்றர் அளவு. காலி வீதி நெரிசலில், ஏசி போட்டுக்கொண்டு, சாதாரண பெற்றோல் கார் ஒன்று லீட்டருக்குப் பத்து கிலோமீற்றர் ஓடினாலே பெரிய விஷயம். அப்படியே ஓடுகிறது என்று வைத்தால் ஒரு கிலோமீற்றருக்கு 230 கிராம் காபனீரொட்சைட்டு, உள்ளே ஒரே ஆள். அதே பாதையில் 100ஆம் இலக்க பஸ் பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகிறது. நின்று நின்று போகிற பெரிய பஸ், லீட்டர் டீசலுக்கு மூன்றரை கிலோமீற்றர் என்று வைப்போம். கிலோமீற்றருக்கு 770 கிராம். பயங்கரமாகத் தெரிகிறதல்லவா? ஆனால் காலை ஏழரைக்கு அந்த பஸ்ஸில் ஐம்பது பேருக்குக் குறையாது, ஃபுட்போர்ட்டில் தொங்குகிறவர்களை விட்டுவிட்டே சொல்கிறேன். ஆளுக்கு 15 கிராம். காருக்கும் பஸ்ஸுக்கும் பதினைந்து மடங்கு வித்தியாசம். மத்தியானம் பத்துப் பேரோடு ஓடுகிற பஸ் என்றாலும் ஆளுக்கு 77தான் வருகிறது, காரில் மூன்று பேர் சேர்ந்து போனால் வருகிற அதே 77.

மோட்டார் சைக்கிள் லீட்டருக்கு 45 ஓடினால் 51 கிராம், பின்னால் ஒருவரை ஏற்றினால் அதில் பாதி. ஓட்டோதான் சுவாரஸ்யம். லீட்டருக்கு 25 ஓடுகிற ஃபோர் ஸ்ட்ரோக் ஓட்டோ கிலோமீற்றருக்கு 90 கிராமுக்குக் கொஞ்சம் மேலே விடும். ஒரு ஆள் ஏறினால் அவர் தலையில் முழுசும், மூன்று பேர் கொண்ட குடும்பம் ஏறினால் 30. ஆனால் உங்களை இறக்கிவிட்டு ஓட்டோ வெறுமனே ஸ்டாண்டுக்குத் திரும்புகிறதே, அந்தத் தூரத்தையும் யார் கணக்கிலாவது போட வேண்டும். ஆப்பில் கூப்பிடுகிற ஓட்டோவானால் உங்களை ஏற்ற வருகிற தூரமும் சேரும். வாடகை ஓட்டோவைப் பழி சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, பஸ் போகாத ஒழுங்கைக்குள் வேறு என்னதான் போகும், தனியாகக் காரில் போவதைவிட அது எவ்வளவோ மேல். குடும்பத்தோடு போகிற ஓட்டோவும் வெறுமையாக அலைகிற ஓட்டோவும் பார்வைக்கு ஒன்றுதான், காபன் கணக்கில் வேறு வேறு என்பதற்காகச் சொன்னேன்.

நெரிசலை இந்தக் கணக்கிலிருந்து பிரிக்க முடியாது. ஏசியோடு நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிற கார் எஞ்சின் மணிக்கு ஒரு லீட்டருக்குக் கிட்டக் குடிக்கும், ஒரு அடிகூட நகராமல். ஹைபிரிட் கொழும்புக்குப் பொருத்தமானது என்பது இதனால்தான், நிற்கிறபோது எஞ்சின் அணைந்துவிடுகிறது, பிரேக் பிடிக்கிற சக்தியில் கொஞ்சம் பற்றரிக்குத் திரும்பிப் போகிறது. பற்றரி களைத்துப்போன பிறகும் ‘ஹைபிரிட்’ என்ற பெயரோடு ஓடுகிற பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது, அவை கூடுதல் பாரத்தைச் சுமக்கிற சாதாரணக் கார்கள். பாடசாலை விடுமுறை வந்தால் கொழும்புப் பாதைகள் எப்படி இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். பம்பலப்பிட்டியில் காலை ஏழு மணிக்கும் பின்னேரம் ஒன்றரைக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு வாகனம் என்று வந்து நிற்கிற வரிசை இல்லாமல் போகிறது, உடனே பாதை மூச்சுவிடுகிறது. இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று ‘சிசு செரிய’ பஸ் இருக்கிறது, தனியார் ஸ்கூல் வான்கள் இருக்கின்றன. பதினைந்து பிள்ளைகள் ஏறிய ஒரு வான் பதினைந்து கார்களைப் பாதையிலிருந்து எடுத்துவிடும், அந்தக் கார்களின் காபனோடு சேர்த்து, அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்த மற்ற வாகனங்களின் காபனும் குறையும்.

தூரப் பயணத்திலும் இதே கதைதான். வெள்ளவத்தைத் தமிழருக்கு யாழ்ப்பாணம் போவது மாதாமாதம் வருகிற விஷயம், கல்யாணம், செத்தவீடு, கோயில் திருவிழா. போய்வர 800 கிலோமீற்றர். நெடுந்தூரத்தில் கார் லீட்டருக்கு 14 ஓடினாலும் 57 லீட்டர், 130 கிலோ காபனீரொட்சைட்டு. இரவு பஸ்ஸில் ஒரு சீற் பிடித்தால், பஸ் லீட்டருக்கு நாலு ஓடி அதில் நாற்பது பேர் இருந்தால், ஆளுக்கு ஐந்து லீட்டர் டீசல், பதின்மூன்றரைக் கிலோ. குடும்பமாக ஐந்து பேர் ஒரு காரில் போனால் ஆளுக்கு 26, அது அப்படியொன்றும் மோசமில்லை. 2014இல் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வரை போகத் தொடங்கியது, நிறைந்த கோச்சியில் ஆளுக்கு வருகிற காபனும் குறைவுதான். டிக்கெட் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

பஸ்ஸை இவ்வளவு புகழ்ந்தாயிற்று, இனி அதன் பின்னால் நிற்கிறவனின் பக்கம் பேச வேண்டும். கொழும்பில் மோட்டார் சைக்கிளில் போகிற யாரையும் கேளுங்கள், ஏற்றமான பாதையில் பழைய டீசல் பஸ் ஒன்று கியர் மாற்றும்போது வருகிற கறுப்புப் புகையைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். அந்தப் புகை காபனீரொட்சைட்டு அல்ல. பாதி எரிந்த டீசலின் கரி, அதன்மேல் ஒட்டிய இரசாயனங்கள், கந்தகத்திலிருந்து வருகிறவை. இந்தத் துணிக்கைகளில் 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்தவற்றைத்தான் பிஎம் 2.5 என்கிறார்கள், நுரையீரலின் அடிவரைக்கும் போய், இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வருடச் சராசரி வரம்பைக் கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது, கொழும்பு அதற்கு மேலேதான் இருக்கிறது. காபனீரொட்சைட்டு எங்கே வெளியானாலும் உலகம் முழுவதும் பரவி, நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். இந்தக் கரியோ சில நாள்களில் மழையோடு இறங்கிவிடும், ஆனால் அதுவரைக்கும் பாதையோரத்தில் இருக்கிறவர்களின் நெஞ்சுக்குள்தான் போகும். புறக்கோட்டையில் பேவ்மென்ட்டில் துணி விற்கிறவர், மருதானையில் சைகை விளக்கடியில் நிற்கிற டிராபிக் பொலிஸ், ஆர்மர் வீதியில் கடை முன்னால் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிற முதலாளி, இவர்களுக்கு ஆளுக்கு 15 கிராம் என்கிற என் கணக்கால் ஒரு ஆறுதலும் கிடையாது.

அதனால் இரண்டையும் வேறு வேறாக வைத்துப் பேசுவது முக்கியம். ஆளுக்குக் குறைந்த காபன் விடுகிற பஸ்தான் தெருவுக்கு அதிகக் கரி விடுகிற வாகனமாகவும் இருக்கலாம். புகையே தெரியாத பெரிய சொகுசு ஜீப்தான் ஆளுக்கு அதிகக் காபன் விடுகிறதாகவும் இருக்கலாம். நமக்கு முதலாவதைப் பார்த்துக் கோபம் வருகிறது, இரண்டாவதைப் பார்த்து ஆசை வருகிறது.

கறுப்புப் புகைக்கு மருந்து இருக்கிறது என்பது நல்ல செய்தி. கந்தகம் குறைந்த டீசல், ஒழுங்கான சேர்விஸ், புது எஞ்சின். சாதாரண ஓட்டோ டீசலுக்கும் சுப்பர் டீசலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கந்தகம்தான், விலை வித்தியாசத்தைப் பார்த்து பஸ்காரர்கள் எதை அடிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கந்தகம் கூடிய டீசலில் நவீன துணிக்கை வடிகட்டிகள் சீக்கிரம் கெட்டுப்போகும், ஆகவே எண்ணெயைத் திருத்தாமல் புது பஸ்ஸை மட்டும் இறக்கிப் பயனில்லை. இந்த நாட்டில் இப்படியான காரியங்கள் நடந்தும் இருக்கின்றன. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. நீலப் புகை கக்கின டூ ஸ்ட்ரோக் ஓட்டோக்களின் இறக்குமதி 2008இல் நின்றது. இன்றைய இளம் பெடியளுக்கு அந்த எண்ணெய்ப் புகை வாசமே தெரியாது, தொண்ணூறுகளில் ஓட்டோவில் போனவர்களுக்குத் தெரியும்.

எல்லாப் புகையும் நம்முடையதும் அல்ல. நவம்பர் தொடங்கி பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று இந்தியப் பக்கமிருந்து தூசைக் கொண்டுவருகிறது. 2022 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் மண்டூஸ் புயல் இருந்த நாள்களில் காற்று மோசமாகி, நாடு முழுக்கப் பாடசாலைகளுக்கு ஒரு நாள் லீவு விட்டார்கள். ஆனால் அந்தக் காற்றைக் காரணம் காட்டி நம் பஸ்ஸின் புகைக்கு மன்னிப்புக் கொடுக்க முடியாது, வருடத்தின் மிச்ச மாதங்களில் கடற்காற்று வீசும்போதும் மருதானைச் சந்தியில் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறது.

2022ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வருடம் உலகத்தில் எந்த நாடும் திட்டம் போட்டுச் செய்யத் துணியாத ஒன்றைக் கொழும்பு கட்டாயத்தால் செய்தது. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய்க்குப் போனது. ஜூலையில் கியூஆர் குறியீட்டோடு தேசிய எரிபொருள் அனுமதி வந்தது. முதலில் கொடுத்த வாராந்த அளவு நினைவிருக்கிறதா? மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர், ஓட்டோவுக்கு 5, காருக்கும் வானுக்கும் 20, பஸ்ஸுக்கு 40. அன்றைக்கு எல்லாரும் இதை எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் கதையாகவே பார்த்தோம். காபன் கண்ணாடி போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு வாகனத்துக்கும் வாராந்தக் காபன் பங்கீடு. காருக்கு வாரத்துக்கு 46 கிலோ, மோட்டார் சைக்கிளுக்கு 9 கிலோ.

அந்தப் பங்கீட்டில் இருந்த கோளாறையும் பாருங்கள். தனியாளாகக் காரில் போகிறவருக்கு 20 லீட்டர், நாளைக்கு நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றி இறக்குகிற பஸ்ஸுக்கு அதன் இரண்டு மடங்கு மட்டும். ஓட்டோவை ஓட்டித்தான் சாப்பிட வேண்டும் என்று இருந்தவருக்கு 5 லீட்டர், அது அவருக்கு ஒரு நாளுக்கே காணாது, பிறகு கூட்டித்தர வேண்டி வந்தது. பஸ்களுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போக்களில் டீசல் தர ஏற்பாடு நடந்தது, அது தனிக் கதை. எண்ணிக் கொடுத்தது வாகனத்தை, ஆளை அல்ல. அவசரத்தில் அப்படித்தான் செய்ய முடிந்திருக்கும், திட்டுவதில் அர்த்தமில்லை. ஆனால் அந்த மாதங்களில் கொழும்பு செய்துகாட்டிய விஷயங்கள் இருக்கின்றன. சைக்கிள் விலை பல மடங்காக ஏறியும் சனம் வாங்கியது, காலிமுகத்திடல் பக்கம் கழுத்துப்பட்டி கட்டியவர்கள் சைக்கிளில் போனார்கள். ஒரே ஃப்ளாட்டில் பத்து வருடம் இருந்தும் முகம் தெரியாத அயலவர்கள் ஒரு காரில் நாலு பேராக வேலைக்குப் போனார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யவே முடியாது என்று சாதித்த கந்தோர்கள் ஒரு வாரத்தில் செய்துகாட்டின. கஷ்டம் கொஞ்சமல்ல, வரிசையிலேயே உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள், அதை மறந்து அந்தக் காலத்தை அழகாகச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் 2023 செப்டம்பரில் கியூஆரை நிறுத்தினதும் அந்த நாலு பேர் கார் மறுபடி நாலு கார்களானதுதான் எனக்கு ஆத்திரம். கஷ்டத்தை மட்டும் பட்டுவிட்டு, அதில் கிடைத்த நல்ல பழக்கத்தைத் தெருவில் போட்டுவிட்டோம்.

வரி விஷயத்திலும் அளவுகோல் பிசகித்தான் கிடக்கிறது. வாகன இறக்குமதி வரி பெரும்பாலும் எஞ்சின் சிசியை வைத்து, மின்சாரக் காரானால் மோட்டாரின் கிலோவாட்டை வைத்து. 2019இல் காபன் வரி என்றே ஒன்று வந்தது, அதுவும் சிசியும் வாகனத்தின் வயதும் பார்த்துத்தான், ஒரு வருடத்துக்குள் எடுத்தும் விட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போகிற 1500 சிசி கார் அதிகம் கட்டும், நாளெல்லாம் ஓடுகிற 660 சிசி கார் குறைவாகக் கட்டும். காபன் வருவது ஓடுகிற தூரத்தால். அந்த வகையில் எரிபொருள் விலைக்குள்ளேயே இருக்கிற வரிதான் உண்மையான காபன் வரி, யாரும் அதை அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. ஆனால் அது ஓட்டோக்காரருக்கும் ஜீப்காரருக்கும் லீட்டருக்கு ஒரே அளவு, வலி மட்டும் வேறு.

‘அதுதான் இப்போது மின்சாரக் கார் வந்துவிட்டதே’ என்பீர்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்த பிறகு கொழும்பில் சத்தமில்லாத சீனக் கார்கள் எக்கச்சக்கமாகத் தெரிகின்றன. நல்லதுதான், தெருப்புகையைப் பொறுத்தவரைக்கும் சந்தேகமே இல்லை. காபனுக்குக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மின்சாரக் கார் நூறு கிலோமீற்றருக்கு 15 முதல் 18 அலகு மின்சாரம் எடுக்கும். அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் நிலக்கரியிலிருந்து மட்டும் என்றால் அலகுக்கு ஒரு கிலோவுக்குக் கிட்டக் காபனீரொட்சைட்டு, நூறு கிலோமீற்றருக்கு 16, 17 கிலோ. நல்ல ஹைபிரிட்டைவிட மோசம், ஏனென்றால் லீட்டருக்கு 18 ஓடுகிற ஹைபிரிட் 13 கிலோவோடு முடித்துவிடும். நீர்மின்சாரம், சூரியசக்தி, நிலக்கரி எல்லாம் கலந்து அலகுக்கு அரைக் கிலோ என்று வைத்தால் 8, 9 கிலோ. இப்போது மின்சாரக் கார் முந்துகிறது. மழை நன்றாகப் பெய்து நீர்த்தேக்கங்கள் நிறைந்த மாதத்தில் இன்னும் குறையும், வரட்சியில் ஏறும். பெற்றோல் காருக்கு எந்த மாதமும் 23.

பற்றரியையும் மறக்கக் கூடாது. 60 கிலோவாட் மணித்தியாலப் பற்றரி ஒன்றைச் செய்வதற்கே ஐந்து தொன் அளவில் காபன் போயிருக்கும். பெற்றோல் கார் ஒன்றுக்குப் பதிலாக ஓட்டினால் 35,000 கிலோமீற்றருக்குள் அந்தக் கடன் அடைபடும். நல்ல ஹைபிரிட்டுக்குப் பதிலாக என்றால் ஒரு லட்சத்தைத் தாண்ட வேண்டும். ஓடுகிற ஹைபிரிட்டைத் தள்ளிவிட்டு, கிழமைக்கு ஐம்பது கிலோமீற்றர் மட்டும் ஓடுவதற்குப் புது மின்சாரக் கார் வாங்குகிறவர், சுற்றாடலுக்காக வாங்கினேன் என்று சொல்லாமல் ஆசைக்கு வாங்கினேன் என்று சொல்லலாம், ஒரு குற்றமுமில்லை.

இங்கே முக்கியமானது சார்ஜ் பண்ணுகிற நேரம். இரவு ஏழிலிருந்து பத்துவரை எல்லா வீடுகளிலும் லைட், மின்விசிறி, ஏசி. அந்த நேரத்து மேலதிகத் தேவைக்குத்தான் எண்ணெயில் ஓடுகிற மின்நிலையங்களைக் கிளப்புகிறார்கள். வேலை விட்டு வந்து ஏழு மணிக்குக் காரைச் செருகினால் எண்ணெயைக் காருக்குள் எரிக்காமல் களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் எரிக்க வைத்தது போலத்தான். பகலிலோ கதை தலைகீழ். கூரைச் சூரியப் படலங்கள் கூடிப்போய், மின்சாரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாத நிலைமை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததற்கு நாடே இருண்டது நினைவிருக்கும். சனம் குரங்கை வைத்துச் சிரித்தது, ஆனால் தேவை குறைந்த ஞாயிறு பகலில் சூரியசக்தியின் பங்கு கூடி, பெரிய சுழலிகள் குறைவாக ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்தச் சின்ன அதிர்ச்சியையும் மின்வலையமைப்பால் தாங்க முடியவில்லை. அதே வருடச் சித்திரைப் புத்தாண்டு லீவில் கூரைச் சூரியப் படலங்களைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டுக்கொண்டது. வேண்டாமென்று அணைக்கிற அந்தப் பகல் மின்சாரத்தைக் காருக்குள் ஏற்றினால் கிட்டத்தட்டக் காபனே இல்லாத ஓட்டம். அதற்குக் கந்தோர் தரிப்பிடங்களில், கடைத்தொகுதிகளில், கோயில் வளவுகளில்கூட சார்ஜர் வேண்டும், பகல் மின்சாரத்துக்கு விலை குறைய வேண்டும். வெள்ளவத்தை ஃப்ளாட்காரருக்கு இது இன்னும் அவசியம், ஏழாம் மாடியில் வீடு, கீழே ஒதுக்கின தரிப்பிடத்தில் பிளக் கிடையாது, போடலாமென்றால் நிர்வாகக் குழுவில் மூன்று கூட்டம் நடக்கும்.

ஆனாலும் மின்சாரக் கார் நெரிசலில் அதே இடத்தைத்தான் பிடிக்கும். ஒரு ஆளுக்கு ஒரு கார் என்பது மாறாதவரைக்கும் அதன் பின்னால் மாட்டிக்கொண்ட 100ஆம் இலக்க பஸ் டீசல் எரித்துக்கொண்டுதான் நிற்கும். மின்சாரத்தை முதலில் எதில் போட வேண்டும் என்று கேட்டால், என் பதில் பஸ்ஸும் ஓட்டோவும். நாளைக்கு முப்பது கிலோமீற்றர் ஓடுகிற காரைவிட, நூறு, நூற்றைம்பது ஓடுகிற ஓட்டோவில் ஒவ்வொரு பற்றரியும் பல மடங்கு பெற்றோலை மிச்சப்படுத்தும். காபன் கடன் மாதங்களில் அடையும். பஸ்ஸானால் தெருக்கரியும் சேர்ந்து போகும்.

கொழும்புக்கு மின்சாரப் பொதுப் போக்குவரத்து புதிதும் இல்லை. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போதே மின்சார ட்ராம் ஓடியது, 1960இல் நிறுத்தினார்கள்; 1953இல் வந்த டிரொலி பஸ்கள் 1964உடன் போயின. எண்ணெய் மலிவு, பஸ் வசதி என்று அன்று பட்டது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் போடுவதற்கு ஜப்பான் கடன் தர ஒப்புக்கொண்டு வேலையும் தொடங்கியிருந்தபோது, 2020 செப்டம்பரில் அதையும் நிறுத்தினார்கள், செலவு கூட என்று. அந்த வழியில் ராஜகிரியவில் காலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் எரிக்கிற பெற்றோலின் செலவை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்ததாகத் தெரியவில்லை. பாணந்துறை முதல் வெயங்கொடை வரை ரயில்பாதையை மின்மயமாக்குவது பற்றி எவ்வளவோ காலமாகப் பேசுகிறார்கள், கரையோரக் கோச்சி இன்றும் டீசலில்தான்.

இவையெல்லாம் பெரிய காசு என்றால், காசு அதிகம் கேட்காத ஒன்று பஸ் லேன். 2017இல் ஒருமுறை, 2020இல் ஒருமுறை முயற்சி செய்தார்கள். இரண்டாவது தடவை ஓட்டோவையும் மோட்டார் சைக்கிளையும் அதே லேனுக்குள் தள்ளியதில் பஸ்ஸுக்கு ஒதுக்கின பாதையில் பஸ்ஸே நகராமல் நின்றது. முறையாகச் செய்தால் அதே டீசலுக்கு அதே பஸ் ஒரு நாளைக்குக் கூட நடை போகும். பஸ்ஸுக்கு நேர அட்டவணை இருந்து, சாரதிக்கும் கொண்டக்டருக்கும் அன்றைய கலெக்ஷனில் பங்கு என்கிற முறை போய்ச் சம்பளம் என்று வந்தால், பஸ் ஹோல்டில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு ஆள் பிடிப்பதும் பிறகு அடுத்த பஸ்ஸை முந்த உயிரைப் பணயம் வைத்து அமத்துவதும் நின்றுபோகும், இரண்டுமே டீசலைக் குடிக்கிற பழக்கங்கள். பஸ்ஸில் நிம்மதியாக உட்கார்ந்து, குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியும் என்று தெரிந்தால் காரை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். இன்றைக்கு அவர்களிடம் போய் ‘காபனுக்காக 100இல் தொங்குங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.